பூட்டும் கதவும்

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் கரும்பு தெரியாதவர் இல்லை. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையும் எல்லாரும் அறிந்ததே. பெரிய ஆலைகளில் வாசலில் காவலர் இருப்பார். உள்ளே பாதுகாப்பு அலுவலர் இருப்பார். ஒருவர் கவலை திருட்டு, இன்னொருவர் கவலை விபத்து. இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

1911 மார்ச் 25, நியூயார்க். டிரையாங்கிள் என்ற தையல் ஆலையில் தீப்பிடித்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிக்க ஒரே வழியை விட்டு, ஒன்பதாம் மாடியின் இன்னொரு கதவைப் பூட்டியிருந்தார்கள். இறந்தவர்கள் 146 பேர். திருட்டுக்குப் போட்ட பூட்டு உயிரைக் குடித்தது.

நம் நாட்டில் 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது: ஆட்கள் உள்ளே இருக்கும்போது கதவு உள்ளிருந்து சுலபமாகத் திறக்க வேண்டும்.

கதவு மட்டும் போதாது, காவலரும் வேண்டும். கரும்புச் சக்கைக் குவியலில் தீப்பொறி விழுந்தால் உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு காவலரின் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கும். தீயணைப்பு வண்டிக்கு வழிவிட்டு, கரும்பு டிராக்டர்களை ஒதுக்குபவரும் அவரே. அவரையும் தீயணைப்பு ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று வேலைக்குப் போனதும் பின்வாசலை ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.