கைக்குழந்தையோடு ஊருக்குப் போகும்போது

(பீர்க்கன்கரணை குழுக் கூட்டத்தில் பேசியது)



லீவு விட்டால் நம்மில் பாதிப் பேர் மதுரை, திருநெல்வேலி என்று கிளம்பிடுவோம். முன்னெல்லாம் பெருங்களத்தூர் ரோட்டோரம் மூட்டையோடு ஓடித்தான் பஸ் பிடிப்போம், இடுப்பில் பிள்ளை வேறு! 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தாச்சு. கொஞ்சம் அலைச்சல்தான். இருந்தாலும் அங்கேயே போய், நிற்கிற பஸ்ஸில் நிதானமாக ஏறுங்கள்.

அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது. 2022-க்கு முன்பு 3 வயது வரைதான். நல்ல சலுகை. ஆனால் டிக்கெட் இல்லையென்றால் சீட்டும் இல்லை, ராத்திரி முழுக்க நம் மடிதான். நாமும் மனுஷிதானே, விக்கிரவாண்டி வருவதற்குள் கண் சொக்கிவிடும். அந்த நேரம் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் பிள்ளை கை நழுவி முன்சீட்டுக் கம்பியில் மோதும். அதனால் முதல் வரிசை, கதவோரம், கடைசி சீட்டு வேண்டாம். நடுவில் இடம் கேளுங்கள். வீட்டுக்காரரோ மாமியாரோ கூட வந்தால் முறை வைத்து விழித்திருங்கள். தனியாகப் போவதென்றால் பகல் பஸ்ஸே மேல். பெல்ட் இருக்கிற பஸ்ஸில் அது உங்களுக்கு மட்டும். குழந்தையையும் சேர்த்துப் போட்டால் உங்கள் பாரமே அதை நசுக்கிவிடும்.

இன்னொன்று, கோபமாகவே சொல்கிறேன். 'அழாமல் தூங்கட்டும்' என்று சளி மருந்து ஊற்றுகிறார்களே, வேண்டவே வேண்டாம்! பச்சைப் பிள்ளைக்கு மூச்சே குறைந்துபோகும் ஆபத்து உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பஸ் ஏறும் முன் பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறையில் உட்கார்ந்து வயிறாரப் பால் கொடுத்துவிட்டால் பாதி அழுகை இருக்காது.