குழந்தை வைத்தியரைத் தெரிந்துகொள்ளுதல்
(நமது சங்கத்தின் ஓசூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம்; கலியாணத்துக்குமுன் பல மாதம் விசாரிக்கிறோம். பெற்ற குழந்தைக்குத் தக்க வைத்தியர் யார் என்பதை மாத்திரம், அது ஜுரத்தால் துடிக்கும் நள்ளிரவில் தேடப் புறப்படுகிறோம். இவ்வழக்கம் மாறவேண்டுமென்பதே நாம் கூற வந்த விஷயம்.

நம்மவருள் அநேகர் சிப்காட் தொழிற்சாலைகளில் ஊழியம் செய்பவர்கள். தாய் தந்தையர் இருவரும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் வீடுகளில் பாட்டியே குழந்தையைக் காக்கிறாள். நல்ல வைத்தியமெல்லாம் பெங்களூரில்தான் என்னும் எண்ணமும் நம்மிடம் வேரூன்றியுள்ளது. பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டரே. ஆயினும் மாலை வேளையில் அத்திப்பள்ளியைக் கடந்தவர்க்கே அத்தூரம் எத்தகையதென்பது விளங்கும். மூச்சுத் திணறும் சிசு அவ்வளவு நேரம் பொறுக்குமா? அரிய நோய்களுக்குப் பெருநகர ஆஸ்பத்திரிகள் அவசியமே. அங்கே அனுப்பவேண்டிய தருணத்தை அறிந்து சொல்பவரோ, குழந்தையைப் பிறந்தது முதல் பார்த்துவரும் உள்ளூர் வைத்தியரே.

அவரை அறிவது எங்ஙனம்? எம்.பி.பி.எஸ். பட்டத்துடன் குழந்தை வைத்தியத்துக்குரிய எம்.டி., டி.என்.பி., டி.சி.எச். ஆகியவற்றுள் ஒன்று உண்டா என்று பார்க்க. குழந்தை நலமாயிருக்கையிலேயே, தடுப்பூசியை முன்னிட்டு ஒருமுறை செல்க. எடையைக் குறித்துவைக்கிறாரா, தாய் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கிறாரா, தமிழோ தெலுங்கோ கன்னடமோ அவளுக்கு விளங்கும் பாஷையில் பேசுகிறாரா, இரவில் எங்கே செல்வதென்று கூறுகிறாரா எனக் கவனிக்க. அவர் நம் ஜாதியாரா என்று சிலர் விசாரிக்கின்றனர். நோய்க்கு ஜாதியில்லை, வைத்தியத்துக்கும் அது வேண்டா.

"ஊசியும் போடவில்லை, மருந்தும் எழுதவில்லை" என்று வைத்தியரைக் குறைகூறுவாரும் உளர். அது குறையன்று. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தை உண்டு குழந்தைகள் பலர் மாண்டனர். அம்மருந்து நமது காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே செய்யப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து எழுதலாகாதென்று மத்திய சுகாதார இலாகா அப்போது அறிவுறுத்தியது.

பொருள் வசதியில்லாதார் மனந்தளர வேண்டா. ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் அரசினர் ஆஸ்பத்திரிகள் உள. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இலவசம்.

நிற்க. வீட்டிலிருப்போர் அறியவேண்டுவன சில உண்டு. குழந்தை அமைதியாயிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுதும் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்னும் கணக்கை எட்டினால் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்க. பால் குடிக்க மறுத்தல், விலாவின் கீழ் மார்பு உள்வாங்குதல், வலிப்பு, எழுப்பியும் விழியாமை, இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டுமென்று காத்திராமல் 108-ஐ அழைக்க.

நமது சங்கம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. உள்ளூர்க் குழந்தை வைத்தியர்களின் பெயர், பார்க்கும் நேரம், இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி ஆகியவற்றை எழுதிச் சங்கக் கட்டிடத்தின் வாயிலில், எல்லா ஜாதியாரும் படிக்கும்படி ஒட்டுவோமாக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு தாளும் சிறிது முயற்சியுமே போதும். அதனால் ஒரு சிசு பிழைக்குமாயின் இச்சங்கம் கூடியதன் பயன் அதுவே என்று கூறி விடைபெறுகிறோம்.