குளிர் யாருக்கு, உஷ்ணம் யாருக்கு?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏ.சி. யந்திரத்தைப் பற்றி இந்தக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அது கிடையாது. ஆனால் அதன் வரலாறு பஞ்சாலையோடு ஒட்டியது.

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஓர் அச்சகத்துக்காகக் காரியர் என்ற எஞ்சினியர் அதை வகுத்தார். அங்கே வேலை செய்தவர்கள் வியர்த்தார்கள் என்பதற்காகவா? இல்லை. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, வர்ண அச்சு விலகிப் போயிற்று, அதற்காக. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரையே 1906-ல் சூட்டியவர் வட கரோலினாவின் பஞ்சாலை எஞ்சினியர் கிரேமர். நூல் அறாமலிருக்கக் காற்றை ஈரமாக்கிப் பதப்படுத்தும் வேலைக்கு அவர் வைத்த பெயர் அது. நூற்பு இலாகாவில் நிற்கும் நமக்கு இது புதுச் செய்தியல்ல!

இந்த யந்திரம் உள்ளேயிருக்கும் உஷ்ணத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. தான் தின்ற மின்சாரத்தின் உஷ்ணத்தையும் சேர்த்தே கொட்டுகிறது. உள்ளே ஐயா குளிர்கிறார். சுவரோரம் இளநீர் விற்கும் அம்மாள் வேகிறார். அந்த மின்சாரமும் நம் நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவது. அந்தக் கரியமில வாயு பூமியைச் சூடாக்கினால், முதலில் அனுபவிப்பது வெயிலில் நாற்று நடுகிறவர்தான்.

குழாய்க்குள் ஓடும் வாயு இன்னொரு கேடு. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், சுமார் 2 டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்பது புரொபேன், சமையல் காஸில் கலந்திருப்பது. அதன் கேடு மிகச் சொற்பம். தீப்பிடிக்கும் ஆகையால் பழகிய கை வேண்டும். இவ்வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன. இந்தியா 2021-ல் ஏற்றது. ஆனால் இங்கே குறைப்பு 2032-ல்தான் ஆரம்பம்.

ஏ.சி. ஆடம்பரம், ஒழியட்டும் என்று நாம் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டு முடித்துத் தகரக் கூரையின் கீழ் பகலில் தூங்கும் தொழிலாளிக்குக் குளிர்ச்சி தேவை. தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் யந்திரம் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது; விலையோ கூடுதல். வசதியுள்ளவர் அதை வாங்கிப் பில்லில் லாபம் பார்க்கிறார். இல்லாதவர் மலிவுச் சரக்கை வாங்கி மாதாமாதம் தண்டம் கட்டுகிறார். நல்ல யந்திரத்தைத் தவணையில், மலிவு விலையில் சர்க்கார் கொடுக்கட்டும். கூரைக்கு வெள்ளை பூசும் செலவையும் ஏற்கட்டும்; அதற்கு மின்சாரமே வேண்டாம்.

மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கி ஏ.சி. பழுது பார்க்கும் மெக்கானிக்கை எண்ணிப் பாருங்கள். பழைய வாயுவைப் பிடித்து அடைக்கும் பம்பும் சிலிண்டரும் அவர் கையில் இல்லாதபோது, வால்வைத் திறந்து காற்றில்தான் விடுகிறார். அந்தக் கருவியும், இடுப்புக் கயிறும், சம்பளத்தோடு பயிற்சியும் கம்பெனிக்காரன் கொடுக்க வேண்டியவை. நம் ஊரில் இப்படி எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, அவர்களைச் சங்கத்துக்கு அழைத்து வரும் வேலையை இம்மாதமே தொடங்குவோம்.