ஸ்டியரிங் பிடிக்கும் காவலர்

குற்றவியலிலும் காவல் நிர்வாகத்திலும் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

உங்களில் பலர் சீருடை அணியப்போகிறீர்கள். துப்பாக்கிப் பயிற்சியின் அருமையைச் சொல்ல ஆள் உண்டு. நான் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பணிக்காலம் முழுக்க ஒருமுறைகூடச் சுடாத காவலர்கள் ஏராளம். ஜீப்பில் ஏறாத காவலர் உண்டா?

1930களில் லண்டன் மாநகரக் காவல்துறை ஹெண்டனில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பாடமுறையைச் செப்பனிட அழைக்கப்பட்டவர் காட்டன்ஹாம் பிரபு, கார்ப் பந்தய வீரர். அவர் வற்புறுத்தியதோ நிதானத்தை. அந்த வழியில் 1955இல் 'ரோடுகிராஃப்ட்' கையேடு வெளிவந்தது. வளைவோ சந்திப்போ வந்தால் ஓட்டுநர் யோசிக்கவேண்டிய வரிசையை அதன் இன்றைய பதிப்பு சொல்கிறது: தகவல், சாலையில் வண்டியின் இடம், வேகம், கியர், ஆக்ஸிலரேட்டர். வேகத்துக்கு மூன்றாம் இடம்தான்.

அந்தப் பயிற்சியில் என்னை மிகவும் கவர்ந்தது, ஓட்டிக்கொண்டே பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது. "பஸ் நிற்கிறது. அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன. யாரோ குறுக்கே வரலாம். வேகத்தைக் குறைக்கிறேன்." கண்ணில் படாதது வாயில் வராது, எதைக் கோட்டைவிட்டார் என்பது பக்கத்தில் இருக்கும் பயிற்றுநருக்கு உடனே தெரிந்துவிடும்.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரே நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சைரன் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

காவலர் ஆபத்தாக ஓட்டினாரா என்பதை, அதே பயிற்சி பெற்ற கவனமான காவல் ஓட்டுநரோடு ஒப்பிட்டு முடிவுசெய்யச் சொல்கிறது பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம். சட்டம் தரும் பாதுகாப்பு அங்கே பயிற்சியோடு சேர்ந்தே வருகிறது. பயிற்சியே தராமல் சாவியைக் கொடுத்து "சீக்கிரம் போ" என்று விரட்டிவிட்டு, விபத்தானதும் ஓட்டியவரை மட்டும் சஸ்பெண்ட் செய்வது அநியாயம்.

நீங்கள் அதிகாரியாகும்போது உங்கள் ஓட்டுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனீர்கள்? நேற்றிரவு தூங்கினீர்களா? தூங்கவில்லை என்றால் அன்று வேறொருவர் ஓட்டட்டும். பயிற்சிக்கு அனுப்பினால் டூட்டிக்கு ஆள் குறையும் என்பார்கள். குறைந்தாலும் அனுப்புங்கள்.