கிரேட் பேர் ஏரி

கானடா தேசத்தின் வடமேற்குப் பிரதேசத்தில், ஊசியிலை விருட்சங்கள் குறுகிக் குறைந்து மறையும் எல்லையில், ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள கிரேட் பேர் என்னும் நன்னீர் ஏரி, வருஷத்தின் பெரும்பகுதி பனிக்கட்டி போர்த்துக் கிடக்கிறது. அதன் கரையில் இன்றுள்ள ஊர் ஒன்றே. டெனே ஆதிகுடிகள் வாழும் டெலினே.

கீழ்க்கரையில் 1930-இல் ரேடியத் தாது கண்டறியப்பட்டு, யுத்த காலத்தில் அங்கிருந்து சென்ற யுரேனியம் அமெரிக்க அணுகுண்டு முயற்சிக்கும் பயன்பட்டதென்பதையும், தங்கள் ஆடவர் தோளில் சுமந்த மூட்டைகளில் இருந்தது இன்னதென்பதையும் வெகு காலத்துக்குப் பின்னரே அறிந்த அந்த ஜனங்கள், 1998-இல் தங்கள் பிரதிநிதிகளை ஹிரோஷிமாவுக்கு அனுப்பித் துக்கம் தெரிவித்தார்கள். அறியாமல் நேர்ந்த சம்பந்தத்துக்கும் பொறுப்பேற்ற அந்த மனத்தை நான் வணங்குகிறேன். ஏரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் 2016-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. அதற்காக முயன்றவர்களும் டெலினே மக்களே.