மனையடி சாத்திரமும் மலக்குழியும்

 

வெள்ளி விழா மேடையில் மலக்குழியைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கல்வியின் மேன்மையையும் ஒற்றுமையின் தேவையையும் நமக்கு முன் பேசியவர்கள் அழகுற எடுத்துரைத்துவிட்டார்கள். அவற்றையே திரும்பச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க நாம் விரும்பவில்லை. நம் பிள்ளைகள் இன்று கட்டடப் பொறியியல் படிக்கிறார்கள். நம்மவரில் கொத்தனார்கள் உண்டு, மேஸ்திரிகள் உண்டு, ஊராட்சி உறுப்பினர்களும் உண்டு. வீடு கட்டுவோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "செப்டிக் டேங்கை எந்த மூலையில் வைப்பது?" அதற்கு விடை சொல்லும் இடத்துக்கு நம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தொட்டிக்குள் இறக்கப்படுகிறவர்களும் இன்றுவரை பெரும்பாலும் நம் பிள்ளைகளே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

வாஸ்து சொல்வோர் தரும் விடை யாவரும் அறிந்ததே. ஈசானிய மூலையாகிய வடகிழக்கில் கிணறு வேண்டும். அங்கே மலக்குழி கூடவே கூடாது. தென்மேற்காகிய கன்னி மூலையில் பள்ளமே ஆகாது. தென்கிழக்கு அக்கினி மூலை, அது அடுப்புக்குரியது. எஞ்சுவது வடமேற்காகிய வாயு மூலை. தொட்டியை அங்கே வை என்பார்கள். நாட்காட்டியின் பின்புறத்தில்கூட இன்று மனையடிப் பலன் அச்சாகிறது. அதைப் பார்த்துத் தோண்டிய குழியை மூடிவிட்டு மறுபுறம் தோண்டியவர்களும் உண்டு.

இதில் ஓர் உண்மை விதை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குடிநீரும் கழிவும் விலகி நிற்க வேண்டும் என்பது நல்ல அறிவே. ஆனால் செப்டிக் டேங்கைப் பற்றிப் பழைய சாத்திரம் எதுவும் சொல்லியிருக்க முடியாது. காரணம் எளிது, அப்போது அது இல்லை. பிரான்சு நாட்டில் மூரா என்பவர் 1860ஆம் ஆண்டளவில் அப்படியொரு தொட்டியைக் கட்டினார். 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கேமரன் என்பவர் 1895ஆம் ஆண்டை ஒட்டி அதற்கு இப்பெயரைச் சூட்டினார். மலச்சிக்கல் போல் இதற்கும் முனிவர்கள் மருந்து எழுதி வைத்தார்கள் என்று நம்புவோர் இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் பழைய நூல்கள் கழிவை எப்படி அகற்றின? மனை நூல்களுள் பெயர்பெற்ற மயமதத்தைப் பாருங்கள். சண்டாளர் என்று அது குறிக்கும் மக்களின் குடில்களை ஊருக்கு வெளியே தள்ளி வைக்கிறது. முற்பகலில் ஊருக்குள் வந்து அழுக்கை அகற்றும் வேலையையும் அவர்களுக்கே விதிக்கிறது. கழிவுக்கு அந்நூல் கண்ட கருவி தொட்டியன்று, மனிதன். வீட்டின் நான்கு மூலைகளுக்கும் இடம் வகுத்தவர்கள், வேலை செய்தவனுக்கு ஐந்தாவதாக ஊரின் புறத்தை வகுத்தார்கள். நேற்றுவரை நம் நகரங்களில் எடுப்புக் கக்கூசும் அதற்கென்று வீடுகளின் பின்னே தனிச் சந்தும் இருந்தது இந்த வகுப்பின் தொடர்ச்சியே. தெருவழியே வரக்கூடாதவர்கள் வருவதற்கு அந்தச் சந்து.

இனி அறிவியலுக்கு வருவோம். தொட்டிக்குள் வரும் கழிவுநீர் ஒன்று அல்லது இரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் படிந்து சேறாகும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சேற்றை மெல்லச் சிதைக்கும். நடுவில் தெளிந்த நீர் வெளியேறி உறிஞ்சு குழிக்குச் செல்லும். தெளிந்த நீர் என்றதும் தூய நீர் என்று எண்ணிவிடாதீர்கள். நோய்க்கிருமிகள் அதில் ஏராளம். அதைத் தூய்மை செய்வது மண்தான். மண் வழியே மெதுவாகக் கசிந்து போகும் தொலைவில்தான் கிருமிகள் வடிகட்டப்படுகின்றன, மடிகின்றன. அந்நுண்ணுயிர்களுக்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. தொலைவு, மண்ணின் தன்மை, நிலத்தடி நீரின் ஆழம், அது ஓடும் சரிவு ஆகிய நான்குக்கே அவை கட்டுப்படும்.

இந்தியத் தர விதித்தொகுப்பு 2470, 1985ஆம் ஆண்டுப் பதிப்பு, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது. அதாவது ஏறத்தாழ 59 அடி. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கிழக்கு மேற்காக ஓடும் தெரு. அதன் ஒரு சிறகில் பத்து மனைகள். ஒவ்வொன்றும் முப்பதடிக்கு நாற்பதடி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்தாலும் ஐம்பதடிதான். அம்மனைக்குள் எந்தத் திசையைத் தேர்ந்தாலும் 59 அடி கிடைக்கப் போவதில்லை.

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. பத்து வீட்டுக்காரர்களும் சாத்திரத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள் என்று கொள்வோம். எல்லாருக்கும் வடகிழக்கில் கிணறு. எல்லாருக்கும் வடமேற்கில் மலக்குழி. முதல் வீட்டின் வடகிழக்கு மூலையை ஒட்டி இருப்பது எது? அதற்குக் கிழக்கே உள்ள அடுத்த வீட்டின் வடமேற்கு மூலை அன்றோ! ஆக, ஒவ்வொருவர் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டு மலக்குழிக்கும் இடையே நிற்பது ஒரு மதிற்சுவர் மட்டுமே. வீடு ஒவ்வொன்றும் சுபமாய் அமையும். தெரு முழுவதும் வயிற்றுப்போக்கில் கிடக்கும். தன் மனைக் கோட்டுக்குள் மட்டும் நன்மை தேடும் சாத்திரம் அண்டை வீட்டானைக் காணாது. தண்ணீர் மனைக் கோட்டை மதிப்பதில்லை.

மணற்பாங்கான இடத்தில் நீர் விரைந்து ஓடிவிடும். வடிகட்டப் போதிய நேரம் இராது. களிமண்ணில் உறிஞ்சாமல் மேலே பொங்கும். சித்திரையில் தோண்டிப் பார்த்து ஆழத்தில்தான் தண்ணீர் என்று மகிழ்ந்தவன், கார்த்திகையில் அதே குழிக்குள் ஊற்று ஏறி நிற்பதைக் காண்பான். ஆகவே மழைக்காலத்து நீர்மட்டத்தைக் கேட்டறிந்து குழியின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். நம் காலனிகள் பலவற்றில் மனை மூன்று சென்ட்தான். நிலமும் பெரும்பாலும் தாழ்ந்த நிலம். அங்கே வீட்டுக்கு வீடு உறை இறக்கிக் குழி வைத்துவிட்டு, நடுவே கைப்பம்பையும் வைப்பது கேடு. கழிவில் பிறக்கும் நைட்ரேட் அந்த நீரில் கலந்தால் காய்ச்சினாலும் போகாது. பச்சிளங் குழந்தைகளின் குருதியைக் கெடுக்கும். தனித்தனிக் குழி கேட்காமல், கழிவுநீரைக் குழாயில் திரட்டித் தொலைவில் சுத்திகரிக்கும் பொது ஏற்பாட்டை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

நாற்றத்தை வாயு மூலையின் காற்று கொண்டுபோய்விடும் என்பதும் சரியன்று. நம் நாட்டில் தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் பருவந்தோறும் மாறி வீசுகின்றன. நாற்றத்தைப் போக்குவது கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்குழாயே.

இளைஞர்களே, திசையைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேறு எடுத்தே ஆக வேண்டும். எப்படி எடுப்பது? லாரியின் உறிஞ்சுகுழாய் அங்கே எட்டுமா? எடுக்கத்தக்க மூடி இருக்கிறதா? வாயு மூலை வேண்டுமென்று வீட்டின் பின்கோடியில், சுவர்களுக்கிடையே தொட்டியைக் கட்டி, மேலே தளம் போட்டு ஓடும் பதித்துவிடுகிறார்கள். பிறகு குழாய் எட்டுவதில்லை; சேறு இறுகிவிடுகிறது. உடனே "ஓர் ஆளைக் கூப்பிடு" என்கிறார்கள். அந்த ஆள் யார் என்று இந்த அவையில் யாரும் விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் போட்ட ஒரு கோடு, சில ஆண்டுகள் கழித்து ஓர் உயிரைக் கேட்கிறது. பொறியியல் படிக்கும் நம் பிள்ளை அந்தக் கோட்டைப் போடும் வேளையில் இதை நினைக்க வேண்டும்.

தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கும், மீத்தேன் நிறைந்திருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நஞ்சும் இருக்கும். இந்நஞ்சு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்குகிறவன் சில மூச்சுகளில் சாய்வான். விளக்கை இறக்கிப் பார்ப்பது சோதனையாகாது, மீத்தேன் தீப்பற்றும். விழுந்தவனைத் தூக்கத் தம்பி இறங்குகிறான். தம்பிக்காக மைத்துனன் இறங்குகிறான். ஒரே வீட்டில் மூன்று பிணம் விழுந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். யார் விழுந்தாலும் பின்னால் இறங்காதீர்கள். மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புப் படையை அழையுங்கள். சொல்லக் கடினமான சொல் இது. தெரிந்தே சொல்கிறோம்.

பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடும் இன்றி எவரையும் தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றிருக்கிறது. வீட்டுக்காரர் இரக்கப்பட்டுக் கையில் திணிக்கும் தொகையை வாங்கிக்கொண்டு வழக்கைக் கைவிட வேண்டாம். புகார் மனு எழுதவும் உடன் செல்லவும் கழகத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

விழா முடிந்ததும் இளைஞர் சிலர் அளவு நாடாவோடு நம் விடுதியின் பின்புறம் வாருங்கள். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடைவெளி எவ்வளவு, மூடி திறக்கிறதா, லாரி நுழையப் பாதை உண்டா என்று பார்த்து எழுதி, செயலாளரிடம் கொடுத்துவிட்டு உணவுக்குச் செல்வோம்.