முட்டை என்ன ஆச்சு, சார்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பறவையைப் பற்றிப் பேசப்போகிறேன். அது நம் ஊருக்கு வராத பறவை. வகுப்பறை கடைசியில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். (தடையின்மைச் சான்று வாங்கிய கதையை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.) பத்தாயிரம் ஏரிகள் என்று அங்கே வண்டியின் எண் பலகையிலேயே எழுதியிருக்கும். மே மாதக் கடைசியில், வடக்கே ஓர் ஏரிக்கரை மரவீட்டில் மூன்று நாள் தங்கினோம்.

முதல் நாள் இரவு ஒரு சத்தம். நீளமாக இழுத்து, நடுவில் உயர்ந்து, மறுபடி தாழ்ந்தது. ஓநாய் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து அதே சத்தம் பதிலாக வந்தது. தம்பி மகன் சிரித்தான். "பெரியப்பா, அது பறவை. லூன்!"

விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தொலைநோக்கியைக் கொடுத்துக் காட்டினார். வாத்தைவிடப் பெரியது, நான்கு கிலோ அளவில் இருக்கும். கரிய தலை, குத்தூசி போன்ற அலகு, முதுகில் சதுரங்கப் பலகை மாதிரி வெள்ளைக் கட்டங்கள், ரத்தச் சிவப்பில் கண். மினசோட்டாவின் மாநிலப் பறவை அது. கனடாவில் ஒரு டாலர் நாணயத்திலேயே 1987 முதல் இருக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கோடையில் ஒரு காலைப் பொழுதில் ஏரி ஏரியாகப் போய் லூன்களை எண்ணிக் கொடுக்கிறார்கள். பெரியவரும் அவர்களில் ஒருவர்.

அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதன் உடலமைப்பு. பறவைகளின் எலும்பு உள்ளீடற்றது என்று சொல்லித்தருகிறோம். லூனுக்குப் பல எலும்புகள் கெட்டியானவை. இறகுகளை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, அலையே எழாமல் நீருக்குள் இறங்கிவிடும். 60 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. கால்கள் உடலின் கடைக்கோடியில், நம் ஊர் முக்குளிப்பானுக்கு இருப்பதுபோல. நீந்த அருமையான அமைப்பு. ஆனால் தரையில் நடக்க முடியாது, வயிற்றால் உந்தித்தான் நகரும். பறக்க வேண்டுமானால் நீர்மேல் நெடுந்தூரம் ஓடியாக வேண்டும். நடக்க முடியாததால் கூட்டை நீர் விளிம்பிலேயே கட்டுகிறது. அதனால்தான் விசைப்படகின் அலை வந்தாலே கூடு நனைந்துபோகிறது. கால் இருக்கும் இடத்தில் தொடங்கிய சங்கதி கூடு வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள். தகவமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

குரலைப் பற்றி ஒன்று. இரவில் நான் கேட்டது, இணைகள் ஒன்றையொன்று அழைக்கும் குரல். ஆண் மட்டும் எழுப்பும் எல்லைக் குரல் வேறு. அது ஆணுக்கு ஆண் மாறுபடும். ஓர் ஆண் வேறு ஏரிக்கு இடம் மாறினால் அந்தக் குரலையே மாற்றிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போன நண்பர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

என் மாணவர்களுக்குக் காட்ட ஒரு காணொளி வேண்டும் என்று ஆசை. மறுநாள் தம்பி மகனோடு துடுப்புப் படகில் கிளம்பினேன். நாணல் ஓரம் கூட்டில் ஒரு லூன், கழுத்தைத் தரையோடு ஒட்டவைத்துப் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்து இன்னும் நெருங்கினோம். சட்டென்று நீரில் சரிந்தது. கூட்டில் பழுப்பு நிறத்தில் இரண்டு முட்டைகள். பறவை படகுக்கு முன்னால் எழுந்து, நீர்மேல் நெட்டுக்குத்தலாக நின்று, இறக்கை அடித்து, நடுங்கும் குரலில் சிரிப்பதுபோலக் கத்தியது. ஆட்டமென்றால் அப்படியோர் ஆட்டம்! 40 விநாடி பதிவு செய்தேன். எனக்கு ஏக சந்தோஷம்.

கரையில் பெரியவர் நின்றிருந்தார். திட்டவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் காட்டினார். பறவை கூட்டுக்குத் திரும்ப 20 நிமிடம் ஆகியிருந்தது. தலை தாழ்த்திப் படுத்தது பயத்தால். சிரிப்புபோல் கேட்டது அபாயக் குரல். ஆடியது எங்களை விரட்ட. அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகலாம், காக்கையோ கழுகோ வரலாம். நான்கு வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கிற முட்டை அது. பிறகு தன் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு சிறிய ஈயக்குண்டை எடுத்துவந்து காட்டினார். தூண்டிலில் கட்டுவது. இரை செரிக்கக் கூழாங்கல் விழுங்கும் பறவை இதையும் விழுங்கிவிடுமாம். ஒன்றே போதும், ஈய நஞ்சில் செத்துவிடும். மீன்பிடிக்க வருகிறவனும் கெட்டவன் இல்லை, நீயும் கெட்டவன் இல்லை என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் காணொளியைப் போட்டேன். எதுவும் சொல்லாமல், "பறவை என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டேன். "டான்ஸ் ஆடுது சார்" என்று வகுப்பே சிரித்தது. நடந்ததை அப்புறம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் முறை போட்டபோது ஒருவரும் திரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"அந்த முட்டை என்ன ஆச்சு, சார்?"

தெரியாது என்றேன். "கேட்டுச் சொல்லுங்க சார்" என்று உட்கார்ந்தாள். அதன்பின் வாரம் தவறாமல் கேட்டாள். ஜூலை முதல் வாரம் தம்பி அதே ஏரிக்குப் போனான். படம் ஒன்று அனுப்பினான். தாயோ தகப்பனோ, முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சு ஏறி உட்கார்ந்திருந்தது.

கைப்பேசியை அவளிடமே கொடுத்தேன். பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணுதானே இருக்கு, சார். இன்னொண்ணு?"

தம்பியும் ஒன்றைத்தான் பார்த்தானாம். அதை அவளிடம் சொன்னேன். என்னால்தானா என்று அவள் கேட்கவில்லை.